பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டாயிற்று. அரட்டைக்கு எந்தச் செயலி?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை பிராசசரும் இல்லாத மடிக்கணினிகள் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சேமிப்பறைகளில் நிறையவே இருக்கின்றன. திரை நன்றாக இருக்கும், விசைப்பலகை நன்றாக இருக்கும், நினைவகம் 4 ஜிபியோ 8 ஜிபியோ இருக்கும். இவற்றைத் தூக்கிப்போட மனம் வராத தமிழர்கள் சிலர் சேர்ந்து, வார இறுதிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்து வருகிறோம். வாங்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள், துணைப்பாட வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள், உயர்நிலைப்பள்ளி மாணவர்கள்.

நிறுவி முடித்ததும் வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, இதுல வாட்ஸ்அப் எங்கே இருக்கு?" இதற்கு உருப்படியான பதில் கிடைக்காவிட்டால் மடிக்கணினி மறுபடியும் சேமிப்பறைக்கே போய்விடும். எழுதுவதற்கு லிப்ரெஆபீஸ், உலாவுவதற்கு ஃபயர்ஃபாக்ஸ் என்று மற்ற எல்லாவற்றுக்கும் தயக்கமில்லாத விடை இருக்கிறது. உடனடிச் செய்திக்கு மட்டும் அப்படி ஒரே விடை கிடையாது.

ஒரே செயலியைத் தேடக்கூடாது என்பதே என் கருத்து. சிங்கப்பூரில் வாட்ஸ்அப் இல்லாமல் காலம் தள்ள முடியாது. அதைப் பாதுகாப்பாக ஓர் ஓரத்தில் வைத்துவிட்டு, யோசனையை எல்லாம் இரண்டாவது செயலிக்குச் செலவழிக்க வேண்டும். ஒரு வாசிப்புக் குழுவோ, தொண்டூழியர் குழுவோ, பெற்றோர் சிலரோ சேர்ந்து பேசுவதும், கோப்பு பகிர்வதும், இரண்டு வருடம் கழித்துத் தேடி எடுப்பதும் அந்த இரண்டாவது இடத்தில்தான் நடக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கும் கேள்விகள் மூன்று. கைத்தொலைபேசி இல்லாமல் கணினியில் அது தனித்து நிற்குமா? செய்திகள் யார் கையில் இருக்கின்றன? தமிழில் தட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறதா?

வாட்ஸ்அப்: பிரவுசரில் மட்டும்

லினக்ஸுக்கு அதிகாரபூர்வ வாட்ஸ்அப் செயலி கிடையாது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் உண்டு. 2021-இல் அவற்றுக்குக் குரல், காணொளி அழைப்புகளும் வந்தன. லினக்ஸ் பயனருக்கு எஞ்சியிருப்பது வாட்ஸ்அப் வெப் என்னும் இணையப் பக்கம். செய்தி படிக்க, பதில் போட, படமும் கோப்பும் அனுப்ப அது தாராளமாகப் போதும். ஒரு தொலைபேசிக் கணக்கோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். 2021-இல் வந்த பல்சாதன வசதிக்குப் பிறகு, கைப்பேசி அணைந்திருந்தாலும் கணினியில் செய்தி வரும். ஆனால் கைப்பேசியை 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் இணைத்த சாதனங்கள் எல்லாம் துண்டிக்கப்படும். கணினி என்பது அங்கே தொலைபேசியின் நிழல்தான்.

இணையப் பக்கத்தையே ஒரு சட்டகத்துக்குள் வைத்துத் தரும் செயலிகள் உண்டு: ஜாப்ஜாப், ஃபெர்டியம் போன்றவை. திறமூலம்தான் (நிரலை யாரும் படித்துப் பார்க்கலாம்), நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவைதான். ஆனாலும் மூத்தோர் கையில் கொடுக்கும் கணினியில் நான் அவற்றைப் போடுவதில்லை. குடும்பத்தின் மொத்தப் பேச்சும் திறக்கும் சாவியை, இன்னொருவர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் மென்பொருளிடம் ஒப்படைக்கத் தேவையே இல்லை. லினக்ஸ் மின்ட்டில் 20.1 பதிப்பிலிருந்து 'வெப் ஆப்ஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது. வாட்ஸ்அப் வெப்பின் முகவரியைக் கொடுத்தால், மெனுவில் தனிப் படவுருவும் தனிச் சாளரமும் உருவாகிவிடும். உள்ளே ஓடுவது அதே பிரவுசர்தான்.

இந்தப் படவுரு வெறும் வசதிக்காக மட்டும் இல்லை. 2023-இல் சிங்கப்பூர்க் காவல்துறை ஒரு மோசடி பற்றி எச்சரித்தது. தேடுபொறியில் வாட்ஸ்அப் வெப் என்று தேடுகிறவர்கள் முடிவுகளில் வரும் போலிப் பக்கத்துக்குப் போகிறார்கள். அதிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் வருடுகிறார்கள். அந்த நொடியே கணக்கு மோசடிக்காரர் கைக்குப் போய்விடுகிறது. பிறகு உறவினர்களுக்கெல்லாம் 'அவசரமாகப் பணம் தேவை' என்று செய்தி போகும். லினக்ஸில் வெப்பைத் தவிர வேறு வழியில்லை என்பதால் இந்த ஆபத்து நமக்குக் கூடுதலாகவே உண்டு. சரியான முகவரியோடு ஒரு படவுருவை நாமே வைத்துக் கொடுத்துவிட்டால், அவர்கள் தேடவே வேண்டியதில்லை.

மறையாக்கத்தில் வாட்ஸ்அப்பைக் குறை சொல்ல முடியாது. 2016 முதல் சிக்னல் என்ற செயலியின் நெறிமுறையை (செய்தி போய்வரும் விதிகளை) வைத்து முனைக்கு முனை மறையாக்கம் செய்கிறது; அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் செய்தியைப் படிக்க முடியாது. எனக்கு அதில் உறுத்துவது வேறு: யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம் மெட்டா நிறுவனத்திடம் சேர்கிறது, சாதாரணக் குழுவில் சேர்ந்தால் உங்கள் தொலைபேசி எண் எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிகிறது. ஐம்பது பேர் உள்ள தொண்டூழியர் குழுவில் புதிதாக வந்த ஓர் அம்மாவின் எண்ணை மற்ற நாற்பத்தொன்பது பேர் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களை மட்டுமின்றிப் பதிவு செய்யாத சங்கங்களையும் சேர்த்தே பேசுகிறது. குடும்பத்துக்குள் அனுப்பும் செய்திக்கு அது பொருந்தாது. ஆனால் ஒரு குழு என்று ஆனபின் உறுப்பினர் விவரத்தைக் காப்பது குழுவின் பொறுப்பு. அடையாள அட்டை எண்ணைக் கண்டபடி கேட்டு வாங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அப்படியிருக்க, பயிலரங்குக்குப் பெயர் கொடுக்கிறேன் என்று அடையாள அட்டையின் படத்தையே குழுவில் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், மற்றச் செயலிகளோடும் பேசும்படி வாட்ஸ்அப்பைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. அந்த வசதி ஐரோப்பியப் பயனர்களுக்கு மட்டும்தான். நமக்கும் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

டெலிகிராம்: மென்பொருளாகப் பார்த்தால் இதுதான் முதலிடம்

லினக்ஸ் மேசைக்கணினியில் ஓடும் செய்திச் செயலிகளில், வேகத்துக்கும் பூச்சுக்கும் டெலிகிராம் டெஸ்க்டாப்பை மிஞ்சியது இல்லை என்பேன். சி++ மொழியும் கியூட்டி கருவித்தொகுப்பும் கொண்டு எழுதப்பட்டது, மூலநிரல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் திறந்திருக்கிறது. 4 ஜிபி நினைவகக் கணினியிலும் சட்டென்று திறக்கும். 2 ஜிபி வரை கோப்பு அனுப்பலாம், பழைய செய்திகளைத் தேடுவது நொடியில் முடியும். ஒருமுறை உள்நுழைந்துவிட்டால் தொலைபேசி எங்கே கிடந்தாலும் கவலையில்லை. தொலைபேசி எண்ணை மற்றவர்களிடமிருந்து மறைக்கவும் முடியும்.

இவ்வளவு இருந்தும் இரண்டாவது செயலியாக இதை நான் பரிந்துரைக்கவில்லை. டெலிகிராமின் சாதாரண உரையாடல்களும் குழுக்களும் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. நிறுவனத்தின் சேவையகத்தில் அவை இருக்கின்றன, திறக்கும் சாவியும் நிறுவனத்திடமே இருக்கிறது. 'ரகசிய உரையாடல்' என்ற தனி வசதி உண்டு. ஆனால் அது இருவருக்கு இடையில் மட்டும், அதுவும் லினக்ஸில் ஓடும் டெலிகிராம் டெஸ்க்டாப்பில் கிடையவே கிடையாது. செயலியின் நிரலைத் திறந்துவிட்டுச் சேவையகத்தின் நிரலை மூடி வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதான பிறகு, அடுத்த மாதமே நிறுவனம் தன் கொள்கையை மாற்றியது: முறையான சட்டக் கோரிக்கை வந்தால் பயனரின் ஐபி முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தருவோம் என்று அறிவித்தது. குற்றத்தை விசாரிக்க அது தேவைப்படலாம். என் அக்கறை அதுவல்ல. ஒரே நிறுவனம், ஒரே மனிதரின் முடிவு, ஒரே இரவில் விதி மாறுகிறது என்பதுதான்.

பொது அறிவிப்புகளைப் படிக்க டெலிகிராம் நல்லது. அரசாங்கத் தகவல், செய்தி, வேலைவாய்ப்பு என்று வாசிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சிக்னல்: தனிப்பட்ட பேச்சுக்கு

டாக்டரிடம் போன விஷயம், பணச் சிக்கல், பிள்ளையின் படிப்பு பற்றிய கவலை. இப்படிப்பட்ட பேச்சுக்கு சிக்னலைத்தான் சொல்வேன். லாப நோக்கற்ற அறக்கட்டளை நடத்துகிறது. செயலி, சேவையகம் இரண்டின் நிரலும் திறந்திருக்கின்றன. குழுவின் பெயர்கூடச் சேவையகத்துக்குத் தெரியாத அளவுக்கு மறைத்து வைக்கிறார்கள். டெபியன், உபுண்டு, மின்ட் வகைக் கணினிகளுக்கு அவர்களே நேரடியாகப் பொதி தருகிறார்கள். குரல், காணொளி அழைப்பு, திரைப் பகிர்வு எல்லாம் லினக்ஸிலும் நடக்கும். மெல்பர்னில் இருக்கும் மகளோடு பெரிய திரையில் பேச விரும்பும் பெற்றோருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நிறுவும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃப்ளாட்ஹப் என்ற பொதுச் செயலிக் கிடங்கில் இருக்கும் சிக்னல் அதிகாரபூர்வமானது இல்லை. மின்ட் 22 முதல், அந்தக் கிடங்கின் சரிபார்க்கப்படாத ஃப்ளாட்பேக் பொதிகளை மென்பொருள் மேலாளர் காட்டாமல் மறைத்துவிடுகிறது, அது நல்ல வழக்கம். சிக்னலின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து அங்கிருந்தே நிறுவுங்கள். இன்னொன்று, 2024 வரை சிக்னல் டெஸ்க்டாப் தன் தரவுத்தளத்தின் சாவியைக் கணினியில் வெறும் எழுத்தாகவே போட்டு வைத்திருந்தது. பல வருட விமர்சனத்துக்குப் பிறகு இப்போது கணினியின் சாவிக்கொத்தில் (கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் இடத்தில்) வைக்கிறது. இதன் பின்விளைவாக, நோம் என்ற மேசைச்சூழலிலிருந்து (திரையின் தோற்றத்தைத் தரும் மென்பொருள்) கேடிஇ என்ற இன்னொன்றுக்கு மாறினால் சாவி கிடைக்காமல் செயலி திறக்க மறுக்கலாம். தானியங்கி உள்நுழைவு வைத்தால் சாவிக்கொத்தின் கடவுச்சொல்லைத் தனியாகக் கேட்கும். மூத்தோருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் பயந்துபோவார்கள்.

குறை என்றால், கணக்கு தொடங்கத் தொலைபேசி எண் வேண்டும், கைப்பேசியில் செயலியும் வேண்டும். 2024 பிப்ரவரியில் பயனர்பெயர் வந்ததால் எண்ணை மற்றவருக்குக் காட்டாமல் பேச முடிகிறது. ஆனாலும் வேர் தொலைபேசியில்தான். கணினியை இணைக்கும்போது பழைய செய்திகளைக் கொண்டுவரும் வசதி 2025 தொடக்கத்தில்தான் வந்தது. குழுவில் ஆயிரம் பேர் வரை சேரலாம் என்றாலும், தலைப்பு தலைப்பாகப் பிரித்து வைக்கவோ, பாதியில் வந்தவருக்கு முந்தைய பேச்சு முழுவதையும் திறந்து காட்டவோ அது கட்டப்படவில்லை.

நினைவகத்தையும் சொல்லிவிடுகிறேன். சிக்னல் டெஸ்க்டாப், பின்னால் வரப்போகும் எலிமெண்ட், டிஸ்கார்டு மூன்றும் எலெக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முழு குரோமியம் பிரவுசரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஒரே சமையலறையில் ஆளுக்கொரு அடுப்பு வைத்துச் சமைப்பதைப் போல. 8 ஜிபி கணினியில் இரண்டு தாங்கும். 4 ஜிபியில் ஒன்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம்.

தமிழில் தட்டிப் பாருங்கள்

வெளிநாட்டு ஒப்பீடுகள் எதிலும் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ முடிவையே மாற்றக்கூடியது.

1997-இல் தமிழ் இணையம் பற்றிய முதல் மாநாடு நடந்த ஊர் சிங்கப்பூர். நா. கோவிந்தசாமி போன்றவர்கள் இங்கிருந்துதான் தமிழைக் கணினியில் ஏற்ற உழைத்தார்கள். இவ்வளவு பாடுபட்டு வந்த எழுத்தை, உள்ளிடுவதில் சிரமம் என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கில எழுத்தில் 'நல்லா இருக்கேன்' என்று தட்டி அனுப்பும் நிலை எனக்கு வருத்தமாக இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவருக்குச் செய்திச் செயலிதான் முதல் எழுதுமேடை. அங்கே தமிழ் வசப்பட்டால் மற்ற இடங்களிலும் வரும்.

லினக்ஸில் தமிழ் உள்ளிட ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. இரண்டிலும் எம்17என் பொதியைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் முறைகள் கிடைக்கும். அஞ்சல் முறையில் பழகிய சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்கு ஒலிபெயர்ப்பு முறை விரைவில் கைவந்துவிடும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த முறைகளில் நாம் தட்டும் கடைசி எழுத்து உடனே பதிவாவதில்லை. அடுத்த விசைக்காகக் காத்திருக்கும். 'க' என்பது 'கா' ஆகுமா 'கி' ஆகுமா என்று அதற்குத் தெரிய வேண்டுமே. அந்த நிலையில் என்டர் தட்டினால் சில செயலிகள் காத்திருக்கும் எழுத்தை விழுங்கிவிட்டுச் செய்தியை அனுப்பிவிடும். ஆகவே எந்தச் செயலியை நிறுவினாலும் முதலில் 'வணக்கம்' என்று தட்டி, இடைவெளி விடாமல் உடனே என்டர் அழுத்திப் பாருங்கள். இறுதி 'ம்' போய்ச் சேர்ந்தால் செயலி தேறியது. சேராவிட்டால், என்டர் புது வரிக்குப் போகவும் கன்ட்ரோல் என்டர் அனுப்பவும் அமைப்பில் மாற்றலாம்; டெலிகிராமிலும் எலிமெண்ட்டிலும் இந்தத் தேர்வு இருக்கிறது.

இன்னொரு தொல்லை வேலேண்ட். உபுண்டு, ஃபெடோரா இரண்டும் இப்போது வேலேண்ட் காட்சி முறையில்தான் திறக்கின்றன. எலெக்ட்ரான் செயலிகள் அங்கே நேரடியாக ஓடும்போது, உள்ளீட்டு முறைக்கான தேர்வைத் தனியாக இயக்கினால்தான் சில நேரம் தமிழ் வரும். மின்ட்டின் சினமன் மேசைச்சூழல் வழக்கமாகப் பழைய எக்ஸ்11 மேலேயே ஓடுவதால் இந்தத் தலைவலி குறைவு. நாங்கள் மின்ட்டைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேட்ரிக்ஸ்: குழுவின் வேலைக்கு என் தேர்வு

மேட்ரிக்ஸ் என்பது ஒரு செயலியின் பெயர் இல்லை. 2014-இல் தொடங்கிய ஒரு திறந்த நெறிமுறை அது. மின்னஞ்சலைப் போல யார் வேண்டுமானாலும் சேவையகம் நடத்தலாம், ஒரு சேவையகத்தில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம். பிரெஞ்சு அரசு ஊழியர்களுக்கான 'ட்சாப்', ஜெர்மன் ராணுவத்தின் செய்திச் செயலி இரண்டும் இதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. மொசில்லாவும் கேடிஇயும் தங்கள் சமூகப் பேச்சுக்கு இதையே எடுத்துக்கொண்டன. லினக்ஸ் மின்ட்டும், பராமரிப்பு நின்றுபோன ஹெக்ஸ்சாட் என்ற அரட்டைச் செயலியை எடுத்துவிட்டு, 2024-இல் வெளிவந்த 22-ஆம் பதிப்பிலிருந்து மேட்ரிக்ஸுக்கான வெப் ஆப்பையே முன்னிருப்பாகத் தருகிறது. எதையும் நிறுவாமலே ஆரம்பிக்கலாம் என்று பொருள்.

எனக்கு இது பிடித்ததற்கு முதல் காரணம், கணினி இங்கே முழு உரிமையுள்ள சாதனம். கைப்பேசியே இல்லாதவர்கூட ஒரு மின்னஞ்சல் முகவரியை வைத்துக் கணக்குத் தொடங்கலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தனிக் கைப்பேசி வாங்கித் தர விரும்பாத பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பும் சிக்னலும் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்துகின்றன. மேட்ரிக்ஸில் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து வாசிப்புக் குழுவில் சேர்ந்துகொள்ள வழியிருக்கிறது. அவரவர் சேவையகத்தின் வயது விதியைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தொலைபேசி எண் யாருக்கும் தெரியாது. கணக்கின் முகவரி ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். காட்டும் பெயர் தமிழில் இருக்கலாம். அறைப் பெயரும் தலைப்பும் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, செயலியை நாமே தேர்ந்தெடுக்கலாம். எல்லா வசதியும் வேண்டும் என்றால் எலிமெண்ட். கனம் பிடிக்காதவருக்கு நோம் சூழலில் ஃப்ராக்டல், கேடிஇயில் நியோசாட், எதிலும் ஓடக்கூடிய இலகுவான நெகோ. ஒரே குழுவில் ஆளுக்கொரு செயலி வைத்திருந்தாலும் பேச்சு ஒன்றுதான். 4 ஜிபி கணினிக்கு நெகோ போட்டுக் கொடுத்தோம், நன்றாகவே ஓடுகிறது.

மூன்றாவது, அறைகளைச் சேர்த்து 'இடம்' என்று தொகுக்கலாம். பயிலரங்குக்கு ஓர் அறை, கணினி கேட்டு வருவோர் பட்டியலுக்கு ஓர் அறை, பொதுப் பேச்சுக்கு ஓர் அறை. வாட்ஸ்அப்பில் தீபாவளி வாழ்த்துப் படங்களுக்கு நடுவே ஒரு ஹார்ட் டிஸ்க்கின் அளவைத் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறைகளும் சிறியவை இல்லை. தனியறைகளில் 2020 மே முதல் முன்னிருப்பாக முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. ஆனால் அதன் சுமை பயனர் தலையில் விழுகிறது. புதிய சாதனத்தில் நுழைந்தால் பழைய சாதனத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், அல்லது மீட்புச் சாவி வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பழைய செய்திகள் திறக்காது. 'மறையாக்கத்தை நீக்க முடியவில்லை' என்ற வரிதான் தெரியும். உள்ளடக்கம் மறைந்திருந்தாலும், யார் எந்த அறையில் இருக்கிறார்கள், அறையின் பெயர் என்ன, யார் எந்தச் செய்திக்கு என்ன உணர்வுக்குறி போட்டார்கள் என்பதெல்லாம் சேவையகத்துக்குத் தெரியும். இந்த விஷயத்தில் சிக்னல் பல படி மேலே. அதனால்தான் அந்தரங்கப் பேச்சுக்குச் சிக்னலையும் குழுவின் வேலைக்கு மேட்ரிக்ஸையும் பிரித்துச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பையும் டெலிகிராமையும் மேட்ரிக்ஸுக்குள் கொண்டுவரும் 'பாலங்கள்' இருக்கின்றன. தொழில்நுட்ப ஆர்வம் உள்ளவருக்கு அது பெரிய கவர்ச்சி. பாலம் ஓடும் கணினியில் செய்தி ஒருமுறை திறக்கப்பட்டுத்தான் மறுபக்கம் போகிறது என்பதை மறக்கக்கூடாது. பாலத்தை நடத்துபவர் எல்லாவற்றையும் படிக்க முடியும். சொந்தக் கணக்குக்குச் சொந்தப் பாலம் என்றால் சரி. ஐம்பது பேரின் குடும்பப் பேச்சை ஒரு தொண்டூழியரின் கணினி வழியே விடுவதை நான் ஒப்ப மாட்டேன்.

எக்ஸ்எம்பிபி, அப்புறம் மற்றவை

மேட்ரிக்ஸுக்கு உண்மையான போட்டி எக்ஸ்எம்பிபி என்ற இன்னொரு திறந்த நெறிமுறை. 1999-இல் ஜாபர் என்ற பெயரில் பிறந்து, 2004-இல் இணையத் தரமானது. லினக்ஸில் டினோ, கஜிம் என்று இரண்டு அருமையான செயலிகள். டினோவின் தோற்றம் எளிமையானது. ஒருவர் புதிதாகப் பார்த்தாலும் திகைக்க மாட்டார். ஒமெமோ முறையில் மறையாக்கம், அழைப்பு வசதி எல்லாம் உண்டு. பிராசடி என்ற சேவையகம் ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினியில்கூட ஓடும். அதோடு ஒப்பிட்டால் மேட்ரிக்ஸின் சினாப்ஸ் சேவையகம் நினைவகத்தை நிறையத் தின்னும். சொந்தச் சேவையகம் நடத்தத் தெரிந்த நாலைந்து பேருக்கு எக்ஸ்எம்பிபிதான் சரி என்று தயங்காமல் சொல்வேன்.

எங்கள் குழுவுக்கு அது பொருந்தாமல் போனது கைப்பேசிப் பக்கத்தால். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், ஐபோனில் மோனல், கணினியில் டினோ என்று ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர், வேறு தோற்றம். ஒருவருக்குத் தெரிந்த வசதி மற்றவர் செயலியில் வேறு இடத்தில் இருக்கும். மூத்தோருக்குத் தொலைபேசியில் வழி சொல்லிக் கொடுக்கும்போது இது பெரிய தடை. எலிமெண்ட் எல்லாச் சாதனத்திலும் ஒரே பெயரில் கிடைப்பது அந்த நேரத்தில்தான் கைகொடுக்கிறது.

எக்ஸ்எம்பிபியின் கதையில் ஒரு பாடமும் உண்டு. கூகுள் டாக் 2005-இல் இதே நெறிமுறையில் வந்தது, வெளிச் சேவையகங்களோடும் பேசியது. 2013-இல் ஹேங்கவுட்ஸ் வந்ததும் அந்தக் கதவை மூடத் தொடங்கினார்கள். திறந்த நெறிமுறை என்பதாலேயே பெரிய நிறுவனம் கூட இருக்கும் என்று நம்ப முடியாது. ஆனால் நிறுவனம் போனபின்னும் நெறிமுறை உயிரோடு இருக்கிறது, சிறு சேவையகங்கள் இன்றும் ஒன்றோடொன்று பேசுகின்றன. மூடிய செயலிகளுக்கு அந்த வாய்ப்பில்லை. எம்எஸ்என் மெசஞ்சர் 2013-இல் போனது, யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில், ஐசிக்யூ 2024 ஜூனில், ஸ்கைப் 2025 மே மாதத்தில். ஊரிலிருக்கும் அம்மாவோடு ஸ்கைப்பில் பேசிப் பேசியே முதல் சில ஆண்டுகளைக் கடந்தவர்கள் சிங்கப்பூரில் எத்தனை பேர்!

பழைய லினக்ஸ்காரர்கள் பிட்ஜின் என்ற அரட்டைச் செயலியைக் கேட்பார்கள். உபுண்டு 9.04 வரை அதுதான் முன்னிருப்பு. ஏஐஎம், யாஹூ, எம்எஸ்என் எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் காட்டியது. அது இணைத்த சேவைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. புதிதாக வருபவருக்கு அதை நிறுவிக் கொடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

டிஸ்கார்டுக்கு லினக்ஸ் செயலி உண்டு, மாணவர்கள் எப்படியும் போடுவார்கள். எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் 2022 இறுதியில் லினக்ஸ் செயலியை நிறுத்திவிட்டது, பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ தேவைப்பட்டால் அதையும் வெப் ஆப்பாக வைத்துக்கொள்ளலாம். ஜாமி சேவையகமே இல்லாமல் நேருக்கு நேர் இணைவது. கொள்கையில் அழகு, ஆனால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். டெல்டா சாட் மின்னஞ்சல் கட்டமைப்பின் மேல் ஓடுவது, தொலைபேசி எண் கேட்காது. அதை எங்களில் இருவர் வைத்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச காலம் பார்க்க வேண்டும்.

நாங்கள் போட்டுக் கொடுப்பது

இப்போது ஒவ்வொரு மடிக்கணினியிலும் மெனுவில் மூன்று படவுருக்கள் வைக்கிறோம்: வெப் ஆப்பாக வாட்ஸ்அப், அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து சிக்னல், எங்கள் அறைகள் திறந்தபடி மேட்ரிக்ஸ். 4 ஜிபி கணினிகளில் சிக்னலைக் கேட்பவருக்கு மட்டும் நிறுவுகிறோம். தமிழ் உள்ளீடு அமைத்து, மூன்றிலும் 'வணக்கம்' சோதனை முடித்த பிறகே கணினி கைமாறும்.

மேட்ரிக்ஸின் மீட்புச் சாவியை அங்கேயே தாளில் எழுதி, உரியவர் கையில் கொடுத்து, கடப்பிதழ் வைக்கும் இடத்தில் வைக்கச் சொல்கிறோம். நாங்கள் பிரதி வைத்துக்கொள்வதில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்குப் பொறுமையாக விளக்குகிறோம். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரால் அவர்கள் பேச்சைத் திறக்க முடியும்.

கணக்குகள் இப்போதைக்குப் பொதுச் சேவையகத்தில்தான் இருக்கின்றன. சிங்கப்பூரிலேயே ஒரு சிறு மெய்நிகர்க் கணினி வாடகைக்கு எடுத்துச் சொந்தச் சேவையகம் வைக்கலாம் என்ற பேச்சு இருக்கிறது. வாடகை பெரிய தொகை இல்லை. புதுப்பிப்பு, காப்புப்பிரதி, நடுராத்திரியில் நின்றுபோனால் எழுந்து பார்ப்பது, இவைதான் பெரிய செலவு. குறைந்தது இரண்டு பேராவது அதைப் பொறுப்பாக ஏற்க முன்வந்தால் தொடங்குவோம். அதுவரை பொதுச் சேவையகமே போதும்.